பீங்கானைப் போல ஆழம் குறைந்த நீர்

1

என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வீட்டுவேலை கொடுத்தார்கள். நிலத்துக்கும் நீருக்கும் உள்ள பெயர்களில் பத்தை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதி, தாயோ தகப்பனோ பிறந்த இடத்திலிருந்து உதாரணம் காட்டிப் படம் கீறிக் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான். மற்றப் பிள்ளைகளின் தகப்பன்மாருக்கு அது அரை மணி நேர வேலை. எனக்கோ, இருபத்து மூன்று வருடமாக இறுக்கி மூடி வைத்திருந்த பானையை நடு வீட்டில் திறந்து வைத்த மாதிரி ஆகிவிட்டது.

நான் இருப்பது நோர்வேயின் மேற்குக் கரையில் ஒரு சிறிய பட்டணம். இங்கே கடல் மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே வந்து கிடக்கும். அதற்கு ஃபியோர்ட் என்று பெயர். அதன் கரையில் இருக்கும் மீன் தொழிற்சாலையில் வேலைக்கு நிற்கிறேன். சால்மன் மீனின் முள்ளை இடுக்கியால் பிடுங்குவது என் தொழில். மனைவி சுகந்தி முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். வடமராட்சிக்காரி. மகள் ஜெனிக்குப் பதினைந்து வயது. தாயின் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் நோர்வேஜிய மொழிக்கு மாறிவிடுவாள். அந்த வேகத்தில் அவள் பேசுவது எனக்குப் பாதிதான் விளங்கும். அதுவும் நல்லதுக்குத்தான் என்று இருந்துவிட்டேன்.

"அப்பா, நீங்கள் பிறந்தது குடாநாட்டிலதானே?" என்று கேட்டாள். "அப்ப எனக்குச் சுகம். உங்கட ஊரில எல்லாம் இருக்கு. கடல் இருக்கு, தீவு இருக்கு, மற்றது அந்தப் பெரிய தண்ணி. அதுக்கு என்ன பேர்?"

"கடனீரேரி," என்றேன். வாய் தானாகத் தொடர்ந்தது. "கடலோடு ஒடுங்கிய வாயால் இணைந்து, மணல் திட்டால் மறிக்கப்பட்டு, பீங்கானைப் போல ஆழம் குறைந்து கிடக்கும் நீர்ப்பரப்பு."

"பீங்கானோ? சோறு சாப்பிடுற பீங்கானோ?" என்று சிரித்தாள். அவளுக்கு அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. அப்படியே மொழிபெயர்த்து எழுதினாள். பிறகு தீவு, குடா, முனை, நீரிணை, பூசந்தி என்று கேட்கக் கேட்க நானும் தடங்கலில்லாமல் ஒப்பித்தேன். சமையலறையில் நின்ற சுகந்தி அகப்பையோடு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மறுபடி கறியைக் கிளறினாள். அவளுக்குத் தெரியும்.

"நீங்கள் அதுக்குள்ள நீந்தினனீங்களோ?"

"ஓம்," என்றேன். வெட்கம் கெட்ட வாய்.

நான் அந்தக் கடனீரேரியைக் கண்ணால் கண்டதில்லை. யாழ்ப்பாணத்தில் கால் வைத்ததே இல்லை. நான் பிறந்தது கண்டிக்குப் பக்கத்தில், கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். கடலை முதன்முதலில் பார்த்தது இருபத்து நாலு வயதில், விமானத்தின் யன்னலுக்குக் கீழே. பக்கத்தில் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார். இல்லாவிட்டால் நான் வாயைப் பிளந்து பார்த்ததை அவர் பார்த்திருப்பார்.

2

அப்போது பிலிமத்தலாவையில் ஒரு இரும்புக்கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். சண்டைக் காலம். ஒரு சனிக்கிழமை கண்டிக்குப் போன இடத்தில் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்துவிட்டுப் பொலிஸார் என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பதினெட்டு நாள் வைத்திருந்தார்கள். அங்கே நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. வெளியே வந்தபின், பஸ்ஸில் யாராவது தோளில் கைவைத்தால்கூட அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவேன். எங்கேயாவது போய்விட வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஒருவரைப் பிடித்தேன். அவர் என் கதையை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "தம்பி, நீ சொல்றது எல்லாம் உண்மைதான். ஆனா தோட்டம்னா அவனுக்குப் புரியாது. சண்டை எங்க நடக்குதுன்னு அவன் படத்துல குறிச்சு வச்சிருக்கான். அந்த எடத்துலருந்து வந்தவன்னு சொல்லு. நீ வேதக்காரன்தானே? கடக்கரையில மாதா கோயிலுக்குப் பக்கத்துல வீடுன்னு சொல்லு. அந்த எடத்த நல்லாப் பாடமாக்கிக்க," என்றார்.

என் பயத்தில் பொய் இல்லை. அந்தப் பயத்துக்கு என் ஊர் போதவில்லை, அதுதான் பிரச்சினை.

பாடமாக்கத் தந்தவள் அக்கா. என்னைவிட நாலு வயது மூத்தவள். படிப்பில் கெட்டிக்காரி, அதிலும் புவியியல் என்றால் உயிர். சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்த வருடம் அப்பா மலையில் சறுக்கி விழுந்து படுக்கையாகிவிட்டார். அக்கா பெயர் பதிந்தாள். தோட்டத்தில் பெயர் பதிவது என்றால் கொழுந்து பறிக்கச் சேர்வது. மற்றப் புத்தகங்களை எல்லாம் யாருக்கோ தூக்கிக் கொடுத்தவள், புவியியல் கொப்பியை மட்டும் அலுமாரியில் சேலைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். வகுப்பில் சொன்னதை அவள் அப்படியே எழுதுவதில்லை. தனக்கு விளங்குகிற மாதிரி ஒரு சொல்லைக் கூடச் சேர்ப்பாள். அந்தப் பீங்கான் அவளுடையது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பீலிக்கரைக்குப் போவோம். மலைத் தண்ணீர் குழாயில் வந்து விழுகிற இடம், லயத்தார் குளிப்பதும் துவைப்பதும் அங்கேதான். அக்கா மண்வெட்டியால் சேற்றை இழுத்து ஒரு குடாநாட்டைச் செய்வாள். வாய்க்காலைத் திருப்பிவிட்டு மூன்று பக்கமும் தண்ணீர் கட்டுவாள்.

"இது பூசந்தி. ரெண்டு பெரிய நெலத்தச் சேக்குற ஒடுக்கமான நெலம். சொல்லு."

சொல்வேன்.

"இது நீரிணை. ரெண்டு பெரிய தண்ணியச் சேக்குற ஒடுக்கமான தண்ணி. எங்க, மாத்திச் சொல்லாமச் சொல்லு பாப்போம்."

மாற்றித்தான் சொல்வேன். மண்டையில் ஒரு குட்டு விழும். "அங்க போயும் இப்பிடி முழிச்சன்னா அடுத்த பிளேன்லயே திருப்பி அனுப்பிருவான், தெரியுமா?" என்பாள். துவைக்க வந்தவர்கள், "என்னா, அக்காவும் தம்பியும் இந்த வயசுல சேத்துல வெளையாடுறீங்க?" என்று கேலி பண்ணுவார்கள். அக்கா நிமிராமலே, "தம்பிக்கு வீடு கட்டுறேன்," என்பாள்.

பூசந்தி அடிக்கடி உடைந்துவிடும். அவள் திரும்பத் திரும்பச் சேற்றை அள்ளிப் போட்டு மிதிப்பாள். கடலைப் பார்க்காத ஒருத்தி, கடலைப் பார்க்காத ஒருவனுக்கு, பொய் சொல்வதற்காகக் கடல் கட்டிக்கொண்டிருந்தாள். அப்போது அது எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

3

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. அதிகாரி ஒரு பெண். நல்ல மாதிரி, எனக்குத் தண்ணீர் ஊற்றித் தந்தாள். மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். ஐம்பது வயது இருக்கும், கம்பளிச் சட்டை போட்டிருந்தார்.

எல்லாப் பெயரும் எனக்குப் பாடம். ஆனால் அந்தப் பெண் பெயர் கேட்கவில்லை. "உங்கள் வீட்டு வாசலில் நின்றால் காலையில் என்ன மணக்கும்?" என்று கேட்டாள். "தண்ணீர் வற்றும் மாதத்தில் பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள்?" என்று கேட்டாள். அக்காவின் கொப்பியில் மணம் இல்லை. நான் கடனீரேரிக்கு விளக்கம் சொன்னேன். குடாநாட்டுக்கு விளக்கம் சொன்னேன். கையை மேசையில் வைத்து, மூன்று பக்கமும் நீர் என்று காட்டினேன்.

ஒன்றைக் கவனித்தேன். நான் ஒரு வரி சொன்னால் மொழிபெயர்ப்பாளர் ஐந்து வரி சொன்னார். நான் முழித்தால் அவர் இன்னும் கூடச் சொன்னார். ஒருமுறை மூக்கைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். அதிகாரி தலையாட்டியபடி எழுதிக்கொண்டாள். அந்த அறையில் யாரோ ஒருவர் பிறந்து வளர்ந்த கரை ஒன்று மெல்ல மெல்ல என்னுடையதாக மாறிக்கொண்டிருந்தது.

முடிந்தபின் வாசலில் கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றார். குரலைத் தாழ்த்தி, "தம்பி, கடலை ஒருக்காவாவது பாத்திருக்கிறீரோ?" என்று கேட்டார்.

"இல்லைங்க," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "சரி. போம். இனி இல்லைங்க எண்டு சொல்லாதையும், அது எங்கட ஊர்ப் பேச்சில்லை," என்றார். அவ்வளவுதான். அவரை நான் பிறகு காணவில்லை. அவருக்கு நன்றி சொல்லவில்லை. பயத்தில் காலை எட்டி வைத்துப் போய்விட்டேன். அவர் சொன்னதை மட்டும் அச்சொட்டாகப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வெளியில் நான் "இல்லைங்க" சொல்லவில்லை.

4

விசா கிடைத்தது. பிறகு குடியுரிமை கிடைத்தது. பிறந்த இடம் என்ற கட்டத்தில் அந்தக் கரையோர ஊரின் பெயர் விழுந்தது. ஒரு கடுதாசியில் விழுந்தது அடுத்த கடுதாசிக்குப் போகும். வரி அலுவலகம், வங்கி, கலியாணப் பதிவு, மகளின் பிறப்புச் சான்றிதழ், எல்லாவற்றிலும் நான் கடலோரத்தான்.

சுகந்திக்குக் கலியாணத்துக்கு முதலே சொல்லிவிட்டேன். அவள், "எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனா எங்கட ஆக்களுக்குச் சொல்ல வேண்டாம். தேவையில்லாத கதை வரும்," என்றாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். எனக்கும் அது வாய்ப்பாகப் போய்விட்டது. கோயிலில், தமிழ்க் கூட்டங்களில், தோட்டக்காட்டான் என்று யாராவது யாரையாவது பகிடியாகச் சொன்னால் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஒருமுறை இருமுறை அல்ல. இதை எழுதும்போது காது சுடுகிறது.

அக்காவோடு பேசுவது காருக்குள்ளிருந்து. கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் பேசுவேன். எங்கள் அடுக்குமாடியில் இன்னும் மூன்று தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. "என்னாக்கா, எப்பிடி இருக்கீங்க" என்று நான் பேசுவது அவர்கள் காதில் விழக்கூடாது. மகள் முதன்முதல் நற்கருணை வாங்கிய முதல் நன்மை நாளில் அக்கா போனில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். மண்டபம் நிறைய ஆட்கள். இணைப்புச் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். இணைப்பு நன்றாகத்தான் இருந்தது. மச்சான், அக்காவின் புருசன், செத்தபோதும் போகவில்லை. அதற்கும் ஒரு காரணம் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது இப்போது ஞாபகமில்லை. அக்காவுக்கு ஞாபகம் இருக்கும்.

5

ஜெனியின் படம் பள்ளிக்கூட நடையில் மாட்டப்பட்டது. வகுப்புக்கு முன்னால் நின்று பேசினாள். பீங்கான் உவமையை ஆசிரியை மெச்சினாராம். அதோடு நிற்கவில்லை. "இந்த லீவுக்கு அங்க போவம் அப்பா. நீங்கள் நீந்தின இடத்தில நானும் நீந்தவேணும்," என்று பிடிவாதம் பிடித்தாள். சுகந்திக்கு லீவு கிடைக்கவில்லை. "இனி நீங்களே பாத்துக்கொள்ளுங்கோ," என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

இருபத்து மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த மண்ணில் இறங்கினேன். விமான நிலையத்தில் அதிகாரி கடவுச்சீட்டைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். நானும் பழக்கத்தில் கண்டிச் சிங்களத்தில் பதில் சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, யாழ்ப்பாணத்து மனிதர் இவ்வளவு நல்ல சிங்களம் எங்கே படித்தீர்கள் என்றார். மகள் பக்கத்தில் நின்றாள். "கடையில் வேலை செய்தேன்," என்று சமாளித்தேன்.

முதலில் இரண்டு நாள் கண்டியில் தங்குவது, பிறகு யாழ்ப்பாணம் போவது என்று ஏற்பாடு. மாமி, அதாவது என் அக்கா, சண்டையில் இடம்பெயர்ந்து வந்து கண்டியில் தங்கிவிட்டாள் என்று ஜெனியிடம் சொல்லியிருந்தேன். கலஹாவுக்குப் போனால் லயம் தெரியும். ஆகவே அக்காவை டவுனுக்கு வரச்சொன்னேன். இருபத்து மூன்று வருடம் காணாத அக்காவின் வீட்டுக்குப் பஸ்ஸில் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். நானோ வாவிக்கரை ஓட்டலில் அறை எடுத்துக்கொண்டு அவளை வரச்சொன்னேன்.

அதோடு விட்டேனா? முதல் நாள் போனில் பாடம் வேறு எடுத்தேன். "அக்கா, தோட்டத்தப் பத்தி ஒண்ணும் சொல்லிராதீங்க. நாம யாழ்ப்பாணத்துலருந்து வந்தோம்னு சொல்லுங்க. ரொம்பப் பேச வேணாம்."

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிப்பா," என்றாள்.

பத்து மணிக்கு வாவிக்கரையில் நின்றாள். நீலச் சேலை, தலையில் எண்ணெய், கையில் ஒரு பை. என்னைக் கண்டதும் கண் கலங்கி, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பேச வாயெடுத்தவள், ஜெனியைக் கண்டதும் அடக்கிக்கொண்டாள். "ஓம், பிள்ளை, சுகமா?" என்றாள். அந்த "ஓம்" அவள் வாயில் ஒட்டவில்லை. அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் வந்திருப்பாள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

மூன்று பேரும் கரையோரத்து மர வாங்கில் உட்கார்ந்தோம். ஜெனி அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். விரல் நுனிகள், வெடிப்புகள் எல்லாம் கறுத்திருந்தன. கொழுந்துக் கறை. "மாமி, இது என்ன?"

அக்கா கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். "வாழப்பூ நறுக்குனேம்மா," என்றாள்.

வாவியின் நடுவே இருக்கும் சின்னத் தீவைக் காட்டி ஜெனி தன் வீட்டுவேலைக் கதையைச் சொல்லத் தொடங்கினாள். போனில் இருந்த படத்தையும் காட்டினாள். அக்கா அதை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. நான் சொன்ன பாடமெல்லாம் மறந்துபோயிருக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விரலை நீட்டினாள். "இந்தா, இது பூசந்தி. இது முனை. சரியாப் போட்டிருக்கியே! இது கடனீரேரி. கடலோடு ஒடுங்கிய வாயால் இணைந்து, மணல் திட்டால் மறிக்கப்பட்டு, பீங்கானைப் போல ஆழம் குறைந்து கிடக்கும் நீர்ப்பரப்பு."

ஜெனி சிரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள்.

"அப்பாவும் அப்பிடியேதான் சொன்னவர். ஒரு சொல்லும் மாறேல்லை."

அக்காவின் கையிலிருந்த போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"மாமி, நீங்கள் கடைசியா எப்ப கடல் பாத்தனீங்கள்?"

அக்கா என்னைப் பார்த்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்கிற பார்வை. நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவ்வளவு பெரிய கோழை நான்.

"நான் பாத்ததில்லம்மா," என்றாள். "ஒரு தடவ சங்கத்துல கொழும்புக்கு பஸ் போட்டாங்க, காலிமுகத்துக் கடலப் பாக்க. அன்னிக்குப் பாத்து எனக்குக் காய்ச்சல்."

6

ஜெனி நோர்வேஜிய மொழிக்கு மாறினாள். அன்றைக்கு எனக்கு எல்லாம் விளங்கியது. பிறகு தமிழில் ஒன்று சொன்னாள்: "என்ர வாயால எல்லாருக்கும் சொல்ல வச்சிட்டீங்கள். நான் வகுப்பில எழும்பி நிண்டு சொன்னனான்."

விளக்கம் சொல்லப் போனேன். விசா, விசாரணை, பயம் என்று தொடங்கினேன். அக்கா கையை நீட்டி நிறுத்தினாள்.

"அத விடு. நீ உயிர் பொழைக்கப் பொய் சொன்ன. நானும்தான் சேர்ந்து சொன்னேன், அதுக்கு நான் வெக்கப்படல. ஆனா நான் சொல்லிக் குடுத்தது நீ தப்பிச்சுப் போறதுக்குப்பா. பெத்த புள்ளகிட்ட சொல்றதுக்கு இல்ல." பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "நேத்து போனுல நீ சொன்னதுல, காலையில கட்டுன சேலைய அவுத்துப் போட்டுட்டு வராமலே இருந்துரலாமான்னு நெனச்சேன். புள்ள மொகத்தப் பாக்கணுமேன்னு வந்தேன்."

எழுந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள். ஜெனியும் எழுந்தாள். "மாமி, நானும் உங்கட வீட்ட வாறன்."

"லயம்மா. ரெண்டு காம்பரா, ரெண்டும் சின்ன ரூமு. கக்கூசு வெளிய."

"பரவாயில்லை. நான் வாறன்."

என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் பின்னால் போனேன்.

பஸ்ஸில் கூட்டம். "இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட," என்று கொண்டக்டர் எல்லோரையும் முன்னுக்குத் தள்ளினார். அவர்கள் இரண்டு பேருக்கும் ஆசனம் கிடைத்தது. நான் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். பேராதனையில் பஸ் கொழும்பு வீதியை விட்டுத் திரும்பியது. ஆறு கொஞ்ச தூரம் கூடவே வந்தது.

"இது மகாவலி," என்றாள் அக்கா. இப்போது அவள் குரல் அவள் குரலாக இருந்தது. "இந்த மலைத் தண்ணி எல்லாம் இதுலதான் சேரும். அந்தச் சின்னது ஓடை. ஓடை போயி கெளையாத்துல விழும். ரெண்டு மலைக்கி நடுவுல தாழ்வாத் தெரியுதா, அது பள்ளத்தாக்கு. நாம ஏறப் போறது மேட்டுநெலம். எங்க, சொல்லு பாப்போம்."

ஜெனி சொன்னாள். மாற்றாமல் சொன்னாள். கொஞ்ச தூரம் போனபின், "நான் உங்களை மாமி எண்டு கூப்பிடுறதோ?" என்று கேட்டாள்.

"எங்க பக்கம் அத்தைன்னுதான் சொல்லுவோம்," என்றாள் அக்கா.

யாழ்ப்பாணத்துக்குப் போகவில்லை. லயத்தில் ஆறு நாள் இருந்தோம். பீலிக்கரையில் அக்கா மண்வெட்டியோடு குனிந்து ஜெனிக்குப் பூசந்தி கட்டிக் காட்டினாள். அது பழையபடி உடைந்தது. அலுமாரியிலிருந்து கொப்பியையும் எடுத்துக் காட்டினாள். நான் எல்லாவற்றையும் கொஞ்சம் எட்ட நின்றுதான் பார்த்தேன். அக்கம்பக்கத்தார் வந்து, "கடல் தாண்டிப் போன தம்பி வந்துட்டாரு," என்று கையைப் பிடித்தார்கள். அவர்களுக்கு என் மேல் ஒரு கோபமும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

புறப்படும் அன்று, "அடுத்த வருசம் மூண்டு பேருமா கடல் பாக்கப் போவம், அத்தை," என்றாள் ஜெனி.

அக்கா அவள் தலையைத் தடவினாள். "போவோம்மா. மொதல்ல உங்கப்பா எந்த ஊருன்னு நாலு பேருக்கு வாய் தொறந்து சொல்லட்டும். அப்புறம் நான் வர்றேன். அதுவரைக்கும் எனக்குக் கடல் வேணாம்."

7

திரும்பி வந்து ஜெனி புதிதாக ஒரு படம் கீறினாள். மகாவலி, ஓடை, பள்ளத்தாக்கு, பீலி, நடுவில் லயம். தோட்டத்தின் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். அவள் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகவில்லை. என் குடியுரிமைக் கடுதாசிகளுக்கு என்ன ஆகும் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. தகப்பனுக்காகப் பதினைந்து வயதிலேயே வாயை மூடிக்கொள்ளப் பழகிவிட்டாள். ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தாள்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து இரண்டு குடும்பம் வீட்டுக்குச் சாப்பிட வந்தது. அழைப்பு மணி அடித்தபோது நான் படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். கை தானாகப் போனது. திரும்பினால் ஜெனி நிற்கிறாள். விருந்தாளிகள் போனபின் அதை எடுத்துக்கொண்டு வந்து பழைய இடத்திலேயே ஒட்டினாள். ஒன்றும் பேசவில்லை. நோர்வேஜிய மொழியில்கூடப் பேசவில்லை. அந்தச் சத்தம் இல்லாததுதான் இதை எழுத வைத்தது.

நாலு பேருக்குச் சொல்லட்டும் என்றாள் அக்கா. சரி, ஊரில் உள்ளவர்கள் வாசிக்கிற மாதிரி எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். மேலே உள்ளதை எழுதி முடித்துவிட்டு, வழக்கம்போல் கீழே போய்க் காருக்குள் இருந்து அக்காவை அழைத்தேன்.

"எல்லாத்தையும் எழுதிட்டேன்க்கா. லயம், பீலி, நீங்க கொப்பிய வச்சுச் சொல்லிக் குடுத்தது, எல்லாம்."

"அடேயப்பா. என் பேரப் போட்டிருக்கியா?"

"இல்லக்கா."

"உன் பேரு?"

"அதுவும் இல்ல. சுகந்தி, ஜெனின்னு போட்டதும் மாத்தின பேருதான். விசா அலுவலகத்துல யாராச்சும் படிச்சா..."

"சரி. தோட்டத்துப் பேராச்சும்?"

"கலஹாவுக்கு மேல ஒரு தோட்டம்னு போட்டிருக்கேன்."

"அப்ப யாரப் பத்திப்பா எழுதியிருக்க?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

நான் கண்ணாடியில் படிந்த மூச்சாவியைத் துடைத்தேன். அவளே, "வண்டிக்குள்ள இருந்துதான் பேசுறியா?" என்றாள்.

"ஆமாக்கா."

"கண்ணாடியெல்லாம் ஏத்தி வச்சிருக்கியா?"

"ஆமா."

"கொஞ்சம் எறக்குப்பா. மூச்சு முட்டும்."

கண்ணாடியை முழுவதும் இறக்கினேன். ஃபியோர்ட் பக்கமிருந்து குளிர் காற்று வந்தது. "எறக்கிட்டேன்க்கா," என்றேன். பிறகு எங்கள் தோட்டத்தின் பெயரை, வெளியே கேட்கும்படி, நன்றாகச் சத்தம் போட்டுச் சொன்னேன். அக்கா சிரித்தாள். அவளுக்குச் சந்தோசம்.

வண்டி நிறுத்தும் இடத்தில் அப்போது யாரும் இருக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.